அம்மா இருக்கும் வீட்டில் ஆறில் ஒரு பங்கு

அண்ணன் எனக்கு நல்ல சேலை எடுத்துக் கொடுத்த அன்றைக்குத்தான் முதல் சந்தேகம் வந்தது.

அப்பாவின் கருமாதி நாள் அது. நான் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். துணியைத் தொட்டால் போதும், அதன் யோக்கியதை எனக்குத் தெரிந்துவிடும். அண்ணனின் யோக்கியதையும் தெரியும். என் கல்யாணத்துக்கு அவன் எடுத்துத் தந்த சேலை முதல் அலசலிலேயே வாளித் தண்ணீரைச் சிவப்பாக்கி, என் மாமியாரின் வெள்ளைத் துண்டையும் சேர்த்துக் கெடுத்தது. தீபாவளிக்கு அவன் கொழும்பிலிருந்து கொண்டுவருவதெல்லாம் நடைபாதையில் குவித்துப் போட்டு விற்கிற ரகம். அப்படிப்பட்டவன் அன்றைக்கு எனக்கும் தங்கச்சிக்கும் அசல் பட்டு எடுத்து வந்திருந்தான். கரையைத் திருப்பிப் பார்த்தேன், சரிகை சுத்தமாக ஓடியிருந்தது. தங்கச்சி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் மடியில் வைத்துக்கொண்டு, இவனுக்கு என்ன வந்தது என்று யோசித்தேன்.

அப்பா தோட்டத்தில் லொறி ஓட்டியவர். மலைக்கு மேலே, கொழுந்து நிறுக்கிற களத்தில் மூட்டை ஏற்றி, ஃபெக்டரிக்கு இறக்கி, கடைசிவரை அதுதான் அவர் வேலை. நாங்கள் மூவரும் பிறந்தது லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில். அது தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் யாராவது ஒருவருக்குத் தோட்டத்து வேலையில் பேர் இருக்கிறவரைக்கும் அங்கே குடியிருக்கலாம். பேர் போனால் காம்பராவும் போகும் என்ற பயம் அந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் உண்டு. அப்பாவுக்கு அந்தப் பயம் பிடிக்காது. ஓய்வு பெற்றபோது கையில் கிடைத்ததை அப்படியே கொண்டுபோய், தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரமாக ஒரு துண்டுக் காணி வாங்கினார். தானே கல் அடுக்கி வீடு கட்டினார். அம்மா அதுவரை கொழுந்து பறித்துச் சேர்த்ததும் அந்தச் சுவருக்குள் போய்விட்டது. மணல், கல், தண்ணீர் எல்லாம் அவள் தலையில்தான் ஏறி வந்தன. காணி உறுதிப் பத்திரம் மட்டும் அப்பாவின் பெயரில் எழுதப்பட்டது. அம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதலாம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்குப் பின்னால் போய் நின்றால் நமுனுகுல மலை நேர் எதிரே நிற்கும். அம்மா அங்கேதான் துணி காயப்போடுவாள். மழை வருகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும்தான் அவள் அந்த மலையைப் பார்ப்பாள்.

அப்பா உயில் எதுவும் எழுதவில்லை. சாவைப் பற்றிப் பேசினால் வந்துவிடும் என்று நம்புகிற ஆள் அவர். வந்தது.

எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் கருமாதியில், மூத்த மகனுக்குத் தாய்மாமன் தலைப்பாகை கட்டுவார். உருமா கட்டு என்போம். கட்டியதும் அவன் அந்த வீட்டுக்குப் பெரியவன் ஆகிவிட்டான் என்று அர்த்தம். இனி நல்லது கெட்டதுக்கு அவனைக் கேட்க வேண்டும், பத்திரிகையில் அவன் பெயரைப் போட வேண்டும். கட்டுவதற்கு முன்னால் பெண்பிள்ளைகளிடம் சம்மதம் கேட்பது எங்கள் மாமாவின் வழக்கம். சபை நடுவே, சேலையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பார்.

"பொண்ணுக ரெண்டும் வாயத் தொறந்து சொல்லுங்க. அண்ணன் இனிமே இந்த வீட்டுக்குப் பெரியவன். சம்மதந்தானே?"

தங்கச்சி உடனே சம்மதம் என்றாள். அவள் வெலிமடையில் வாழ்க்கைப்பட்டவள். கரட்டும் லீக்ஸும் பிடுங்குகிற காலமாகையால் அன்று சாயந்தரமே திரும்ப வேண்டிய அவசரம் அவளுக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. மடியில் இருந்த பட்டு உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மா பின்னாலிருந்து என் இடுப்பில் கிள்ளினாள். சரி, ஒரு துண்டைத் தலையில் கட்டுவதற்கு நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்று நானும் சொன்னேன். மாமா அண்ணன் தலையில் துண்டைச் சுற்றினார். அப்பா இருந்த இடம் அவனுக்குப் போனது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. சந்தேகப்பட்டதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அந்த வெட்கம் சாப்பாட்டுப் பந்தி முடிகிறவரைக்கும்தான்.

அண்ணனோடு ஒரு ஆள் வந்திருந்தார். கூட வேலை செய்கிறவர் என்று அண்ணி சொன்னாள். கூட வேலை செய்கிறவர் துக்க வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் வந்து ஒரு வார்த்தை பேசுவார், அப்பாவின் படத்தைப் பார்ப்பார். இவர் இரண்டும் செய்யவில்லை. வடை பாயசத்தோடு வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவியவர் நேரே வீட்டுக்குப் பின்னால் போய், காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் சேலையை ஒதுக்கிவிட்டு, மலையைப் போனில் படம் பிடித்தார். பிறகு வேலியோரமாக ஒரே அளவாகக் கால் வைத்து நடந்தார். மூலைக்கு வந்ததும் நின்று, திரும்பி, மறுபடியும் அதே மாதிரி நடந்தார். நாள் முழுக்க அளவு எடுக்கிறவள் நான். ஒருவன் சும்மா நடக்கிறானா அளந்து நடக்கிறானா என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னங்க பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"நல்ல வியூ அக்கா. காலைல இன்னும் நல்லா இருக்கும் போல," என்றார்.

சுற்றுலாக்காரர்கள் வருகிற எல்ல ஊர்ப் பக்கமெல்லாம் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒருவன் வந்து நல்ல வியூ என்பான். பிறகு பெக்கோ வந்து மண்ணை வெட்டும், பிறகு கண்ணாடி வைத்த அறைகள் எழும்பும். வெள்ளைக்காரர்கள் காலையில் கோப்பையோடு நின்று மலையைப் பார்ப்பார்கள். அந்த வழியில் பஸ்ஸில் போகிறபோதெல்லாம் இங்கே யார் வீடு இருந்ததோ என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்குத் திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தேன்.

அண்ணனிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். ஒனக்கு எல்லாத்திலயும் சந்தேகந்தான் என்பான். அது உண்மையும்கூட. என் வீட்டுக்காரர் அரைமணி பிந்தி வந்தால் சட்டையை முகர்ந்து பார்க்கிறவள் நான். ஆகவே வாயை மூடிக்கொண்டு கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன்.

அதிக நாள் காக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் கொழும்பிலிருந்து போன் பண்ணினான். சுகம் விசாரித்தான், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தான். கடை எப்படிப் போகிறது என்று அவன் கேட்டதும் எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"ஒண்ணுமில்ல. வீட்டுக் காணி அப்பா பேர்லயே கெடக்கு. கரண்ட் பில்லு, தண்ணி பில்லு எல்லாம் மாத்தணும். ஒருத்தர் பேர்ல இருந்தாதான் லேசு. நொத்தாரிசுகிட்ட உறுதி எழுதச் சொல்லியிருக்கேன். நீ வந்து சும்மா ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"அம்மா பேர்ல மாத்தலாமே அண்ணே?"

"அம்மாவுக்கு என்னா தெரியும்? நாளைக்கு அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மறுபடி எழுதணும். ரெண்டு செலவு. அதான் கருமாதில சம்மதம்னு சொன்னியே, பெரியவங்க எல்லாம் கேட்டாங்கதானே."

போனை வைத்ததும் தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவள் எடுத்த எடுப்பிலேயே என் மேல் பாய்ந்தாள்.

"அக்கா, நீ பங்கு கேக்கப் போறியாமே? அண்ணன் சொன்னுச்சு. எனக்கு ஒண்ணும் வேணாம். நம்ம கல்யாணத்துக்கு அப்பா செஞ்சாருல்ல, அதுவே போதும். நீ என்னா இப்படி அலையுற?"

நான் பங்கு கேட்பதாக எனக்கே தெரியாது. எனக்கு முன்னாலேயே அண்ணன் அவள் காதில் ஓதிவிட்டிருந்தான். ஓதியவன் சும்மா ஓதியிருக்க மாட்டான். நான் ஏதாவது கேள்வி கேட்டால் அது ஆசை என்று எல்லாருக்கும் படவேண்டும், அதற்குத்தான் முன்கூட்டியே விதை போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். ஒருவேளை நிஜமாகவே அவன் என்னைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறானோ என்றும் நினைத்தேன். நாங்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதில் யாருக்கும் யாரும் சளைத்தவர்கள் இல்லை. அப்பாவின் பிள்ளைகள்தானே, அவரும் லொறிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தவர்.

என்னிடம் ரவிக்கை தைக்கிறவர்களில் ஒரு லோயரம்மா உண்டு. கோர்ட்டுக்குப் போகிற வெள்ளைச் சேலைக்கு மட்டும் கை நீளமாக வைக்கச் சொல்வார். அவருக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டே, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படி ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்தக் குடும்பத்துல அப்பா எப்ப செத்தார்?" என்றார்.

பிறகு மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிதானமாகச் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. உயில் இல்லாமல் புருஷன் செத்தால் பாதி பெண்சாதிக்கு. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆணுக்கு ஒரு கணக்கு பெண்ணுக்கு ஒரு கணக்கு என்று கிடையாது. எங்கள் கணக்கில் அம்மாவுக்குப் பாதி, எங்கள் மூவருக்கும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு.

"நாங்க ரெண்டு பொண்ணும் சீதனம் வாங்கிட்டுத்தானுங்களே போனோம்?"

"யாழ்ப்பாணத்து ஆளுகளுக்கு வேற சட்டம் இருக்கு. நீங்க மலைநாடு. சீதனம் வாங்கினாலும் ஒங்க பங்கு ஒங்களுக்குத்தான்."

"சபையில சம்மதம் சொல்லிட்டேனுங்களே? அண்ணனுக்குத் தலப்பா கட்டியாச்சு."

"அதுக்கும் காணிக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீங்க நொத்தாரிசு முன்னால கையெழுத்துப் போடாம ஒரு பேர்ச் காணியும் எங்கயும் போகாது."

எனக்கு அவர் சொன்னது விளங்கவே நேரமெடுத்தது. எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் தலைப்பாகை கட்டியவனுக்குத்தான் எல்லாம் என்பார்கள். மாமாவும் அப்படித்தான் நினைத்தார், தங்கச்சியும் நினைத்தாள். அண்ணன் மட்டும் அப்படி நினைக்கவில்லை. நினைத்திருந்தால் எதற்கு நொத்தாரிசு, எதற்கு என் கையெழுத்து? அவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே அப்பாவித் தங்கச்சிமாருக்குப் பட்டு எடுத்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் லோயரம்மாவின் கை அளவைத் தப்பாக எழுதி, பிறகு பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

போகும்போது அவர் ஒன்று சொன்னார். "ஒங்களுக்குப் பங்கு வேணாம்னா போகட்டும். ஆனா அம்மாவோட சீவிய உருத்த எழுதாம விடாதீங்க. அவங்க உயிரோட இருக்குற வரைக்கும் அந்த வீட்டுல இருக்கலாம்னு உறுதியில ஒரு வரி. அந்த வரி இருந்தா யாரும் அவங்கள எழுப்ப முடியாது."

எனக்குப் பங்கு வேண்டாம். கோயிலில் அடித்துச் சொல்வேன், வேண்டாம். சொந்தமாக ஒரு வீட்டை அம்மா அனுபவித்தது வாழ்க்கையின் கடைசிப் பகுதியில்தான். அதற்கு முன்னால் எல்லாம் லயம். காம்பரா ஒழுகினால் துரைக்குச் சொல்ல வேண்டும், கதவு பெயர்ந்தால் துரைக்குச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க அவள் யாரையும் கேட்டதில்லை. அதை அவளிடமிருந்து எடுத்துவிடக்கூடாது. எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

அண்ணனைக் கூப்பிட்டு, சீவிய உருத்து எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

"சரி, போடச் சொல்றேன்," என்றான்.

அவ்வளவுதான். வாதாடவில்லை, கத்தவில்லை, இதையெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. சின்ன வயதில் ஒரு நெல்லிக்காயைப் பாதியாக்கிக் கேட்டாலே ஊரைக் கூட்டுகிறவன் அவன். அவன் உடனே சரி சொன்னதில் எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது.

அடுத்த ஞாயிறு அம்மாவைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் கோழிகளைக் காணவில்லை. கேட்டதற்குப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பொங்கல் பானையும் இல்லை, அதையும் யாருக்கோ கொடுத்தாயிற்று. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அப்பாவின் உடுப்பெல்லாம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சுவரில் சாமிப் படங்கள் இருந்தன, ஆனால் வழக்கமாக மாட்டியிருக்கும் பழைய கலண்டர்கள் இல்லை.

"எங்கம்மா போகப் போற?"

"நான் எங்க போறேன்? எங்கயும் போகல."

"அப்புறம் ஏன் சாமான எல்லாம் குடுத்துட்ட?"

"வயசான காலத்துல எதுக்கு அவ்வளவு சாமான். நீ ஏன் வந்ததும் வராததுமா போலீஸ் மாதிரி கேக்குற? உக்காரு, தேத்தண்ணி ஊத்துறேன்."

என் முகத்தைப் பார்க்காமலே அடுப்படிக்குள் போனாள். அம்மா பொய் சொல்லத் தெரியாதவள் என்று நாங்கள் மூன்று பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு முதன்முறையாக அவளையும் சந்தேகப்பட்டேன். அண்ணன் அவளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறான் என்று எவ்வளவோ சுற்றி வளைத்துக் கேட்டேன். தேத்தண்ணியில் சீனி போதுமா என்பதைத் தவிர அவள் வேறு எதற்கும் பதில் சொல்லவில்லை.

கையெழுத்து நாள் வந்தது. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நொத்தாரிசின் அறை. அம்மா, அண்ணன், தங்கச்சி, நான், சாட்சிக்கு மாமாவும் இன்னொருவரும். அம்மா அப்பாவின் காரியத்துக்குக் கட்டிய அதே வெள்ளைச் சேலையில் வந்திருந்தாள். நொத்தாரிசு வயதான மனிதர். உறுதியை முதலில் சிங்களத்திலும், பிறகு எங்களுக்காகத் தமிழில் விளக்கியும் வாசித்தார். காணியின் நான்கு எல்லை, அப்பாவின் பெயர், அம்மாவின் பாதி, எங்கள் பங்குகள், எல்லாம் நன்கொடையாக அண்ணனுக்கு. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

நான் காத்திருந்த வரி வரவில்லை.

"ஐயா, அம்மாவோட சீவிய உருத்து எங்க?" என்றேன்.

என் குரல் எனக்கே அதிகமாகத்தான் பட்டது. மாமா ஒரு பக்கம் முறைத்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். இத்தனை நாள் சந்தேகம் வீண்போகவில்லை என்று இருந்தது. அண்ணன் தரையைப் பார்த்தான்.

நொத்தாரிசு சங்கடப்பட்டார். "முதல்ல எழுதினதுல இருந்துச்சு. ஒங்க அண்ணன் போடச் சொன்னார். அப்புறம் எடுக்கச் சொல்லிட்டாங்க."

"யாரு எடுக்கச் சொன்னது?"

அவர் அம்மா பக்கம் திரும்பினார்.

"நாந்தான் சொன்னேன்," என்றாள் அம்மா.

அந்த அறையில் நான் மட்டும்தான் முட்டாளாக நின்றேன்.

"ஏம்மா?"

"பெத்த மகன் வீட்டுல இருக்குறதுக்குக் கடுதாசி எதுக்கு? உருத்து எழுதி வாங்கிட்டு நான் அங்க உக்காந்தா, அவன் எனக்குப் போடுற சோறு கடமைக்குப் போடுற சோறாப் போயிரும். நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்கப் போறவன் அவன். அவன்கிட்ட போயி, ஒன்னய நம்பலைன்னு எழுதி வாங்கச் சொல்றியா?"

"அம்மா, அந்த வீட்ட விக்கப் போகுது அண்ணன். கருமாதிக்கு வந்தவன் வேலியோரமா அளந்துட்டுப் போனான். நான் கண்ணால பாத்தேன்." பிறகு அண்ணனிடம் திரும்பினேன். "இல்லைன்னு சொல்லுங்க அண்ணே. அம்மா தலையில கை வச்சு இல்லைன்னு சொல்லுங்க, இப்பவே போட்டுக் குடுத்துர்றேன்."

அண்ணன் இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவனை மெச்சத்தான் வேண்டும். அம்மா தலையில் கை வைத்துப் பொய் சொல்ல அவனால் முடியவில்லை.

"வித்தா என்னா இப்ப?" என்றான். "அம்மாவ ரோட்டுலயா விடப் போறேன்? என்கூடக் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறேன். இங்க தனியா இருந்து விழுந்தா யாரு பாக்குறது, நீயா? எனக்கும் புள்ளைங்க இருக்கு. வாடகை வீட்டுலயே காலம் போயிருச்சு. அம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். அம்மாவுக்குத் தெரியும்."

கோழி, பானை, கலண்டர் எல்லாம் ஒன்றாக என் கண்ணுக்கு முன்னால் வந்தன. அண்ணன் கொழும்பில் குடியிருப்பது மேல்மாடியில் இரண்டு அறை. கீழே வேறு ஆட்கள், பக்கத்தில் வேறு ஆட்கள். குளிக்க வாளி வைத்துக் காத்திருக்க வேண்டும். துணி காயப்போட ஜன்னல் கம்பிதான். அம்மா அங்கே ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தபோது, மூச்சு முட்டுது தாயி என்று என்னிடம்தான் சொன்னாள். அதை நினைவுபடுத்தினேன். "அதெல்லாம் பழகிரும்," என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

அவள் கையில் நொத்தாரிசு பேனாவைக் கொடுத்தார். நிதானமாக, எழுத்துக் கூட்டி, கையெழுத்துப் போட்டாள். தோட்டத்தில் முதியோர் வகுப்பு நடந்தபோது கற்றுக்கொண்ட கையெழுத்து அது. அப்போது அப்பாவிடம் காட்டிக் காட்டிச் சந்தோஷப்பட்டாள். தங்கச்சி அழுதுகொண்டே போட்டாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பேனா என்னிடம் வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். போட்டுவிடு என்று அவள் கண் கெஞ்சியது.

நான் பேனாவை மேசையில் வைத்தேன்.

"எனக்கு என்னோட பங்கு வேணும்," என்றேன்.

அதைச் சொன்னதும் அறையில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்த மாதிரி இருந்தது. இவ்வளவு நேரமும் நான் எதற்காகக் குதித்தேன் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. மாமா தலையை ஆட்டினார். அண்ணன் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்து, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றான். என் பங்கை நீக்கிவிட்டு உறுதியை மறுபடி டைப் பண்ணி, மறுபடி அம்மாவிடமும் தங்கச்சியிடமும் கையெழுத்து வாங்கினார்கள். மாற்றி எழுதுகிற நேரம் முழுக்க அம்மா என் பக்கத்து நாற்காலியில் இருந்து எழுந்து போய்த் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

லோயரம்மாவிடம் கேட்டபோது, அந்த ஒரு பங்கு போதும் என்றார். கண்ணாடி அறை கட்ட வருகிறவன் பங்குத் தகராறுள்ள காணிக்குக் காசைக் கொட்ட மாட்டான். அண்ணன் பங்கு பிரிக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகலாம். போனால் இழுத்துக்கொண்டே போகும். அம்மாவின் வயதுக்கு அந்த இழுவை போதும் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அப்படியேதான் ஆனது. வியூ பார்த்தவர் கொஞ்ச நாள் அண்ணனை நச்சரித்துவிட்டு, ரோட்டில் கீழே வேறொரு இடத்தை வாங்கிவிட்டார். இப்போது அங்கே பெக்கோ நிற்கிறது. அண்ணன் என்னோடு பேசுவதை விட்டுவிட்டான். மாமா ஒருமுறை போன் பண்ணி, சபையில் சொன்ன சொல்லுக்கு மரியாதை இல்லாத பொம்பளை என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். தோட்டத்தில் எனக்கு ஒரு பட்டப் பெயரும் வைத்திருக்கிறார்கள். அது என்னவென்று இங்கே எழுதப் போவதில்லை.

அம்மா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். புதிதாகக் கோழி வாங்கியிருக்கிறாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். போனால் தங்கச்சி வந்தால் கொடுக்கிற பித்தளை டம்ளரை எனக்குக் கொடுப்பதில்லை. வெளியாட்களுக்கு வைத்திருக்கிற கண்ணாடிக் கோப்பையில்தான் தேத்தண்ணி. நான் கவனிக்காத மாதிரி குடிப்பேன்.

போன முறை போனபோது அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி எடுத்து ஆய ஆரம்பித்தேன். பிறகு அவள் குனிந்த தலை நிமிராமலே கேட்டாள்.

"சும்மா சொல்லு. எவ்வளவு குடுத்தா கையெழுத்துப் போடுவ?"

அண்ணன் கேட்கச் சொன்னானா, அவளாகக் கேட்டாளா என்று யோசித்தேன். எதுவாக இருந்தாலும் வலி ஒன்றுதான். இதற்கு நான் எத்தனையோ பதில்களை மனசுக்குள் தைத்து வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"நீ இருக்குற வரைக்கும் போட மாட்டேம்மா."

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நான் எப்ப சாவேன்னு பாத்துக்கிட்டு இருக்கியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று விளக்கினால், உன் மகனை நான் நம்பவில்லை என்று அவளுக்கே மறுபடியும் சொல்ல வேண்டும். அவள் அதைக் கேட்கமாட்டாள். மிச்சக் கீரையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஆமாம்மா என்றேன்.